எட்டாயிரம் கன அடி

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது.
கிரானைட் உண்டு, மாங்கூழ் உண்டு.
ஆளே இல்லாத கடற்கரை ஒன்றுக்குப் போகணும் என்று
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில்
நாகவேணி சொன்னபோது
சிரித்துவிட்டேன்.

ஆலையில் சீசன் முடிந்து மூன்றாம் நாள்.
நகக்கண்ணில் இன்னும் பெங்களூரா மஞ்சள்.
தலைக்குக் குளித்தாலும்
எங்கள் இரண்டு பேர் மேலும்
ஈ உட்காரும்.

பென்னாகரத்தில் மாறி,
ஊட்டமலைக்கு முன்னாலேயே இறங்கி,
பரிசல் மாதேஷ் சொன்ன அடையாளத்தைத் தேடினோம்.
முறிந்த துரிஞ்சி மரம்,
அதில் கட்டிய நீலப் பாலித்தீன்,
அங்கிருந்து நேரே கீழே.
நேரே என்றதை
ஒரு பேச்சுக்குச் சொன்னதாக நினைத்திருந்தோம்.

பாதை இறங்கவில்லை, விழுந்தது.
வேரைப் பிடித்தால் வேர் வந்தது.
காய்ந்த யானைச் சாணத்தில்
வெள்ளையாகக் குட்டிக் காளான்கள்.
நாகவேணி உட்கார்ந்தே சறுக்கினாள்,
டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் போகிறவள் மாதிரி.

கீழே காவேரி.
ஒரு பாறை வரிசைக்கு அந்தப் பக்கம், திட்டு.
இரண்டு லாரி மணல் இருக்கும்.
(லாரிக் கணக்கில்தான் எனக்கு மணலை அளக்க வருகிறது.)
முதலை உண்டு என்று எழுதிய பலகையில்
‘முத’ மட்டும் மிச்சம்.

“எட்டாயிரம் கன அடி வரைக்கும்
அது கரை.
பத்தாச்சுன்னா
அது ஆறு” என்றிருந்தான் மாதேஷ்.

முழங்கால் தண்ணீரில் தாண்டினோம்.
மணலில் நீர்நாய் நடந்த தடம்,
அதன் மேல் எங்கள் தடம்.
போனை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.
ஒரு கோடுகூட இல்லை.
ஷிஃப்ட் சூப்பர்வைசர், மகளிர் குழுத் தலைவி,
ஓசூரிலிருந்து பணத்துக்கு மட்டும் கூப்பிடும் அவள் புருஷன்,
எல்லோரும் மேலே
அந்த நீலப் பாலித்தீன் பக்கத்திலேயே
நின்றுவிட்டார்கள்.

அலை இருக்கிறதா என்று பார்ப்பாள்,
கிளிஞ்சல் தேடுவாள் என்று நினைத்தேன்.
குப்புறப் படுத்து
ஒரு கன்னத்தை மணலில் வைத்து
தூங்கிப்போனாள்.

தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டேன்.
என் பங்குப் புளிச்சோற்றைத் தின்றேன்.
அவள் பங்கை மூடிவைத்தேன்.
நீர்மருது நிழல் ஒரு முழம் நகர்ந்தது.
குச்சி ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது.
பிறகு ஒரு சாண்.
குச்சி அசையவில்லை, விளிம்புதான் எங்களிடம் வந்துகொண்டிருந்தது.

மேலே எங்கோ யாரோ
கன்னடத்தில் கையெழுத்துப் போட்டு
மதகைத் தூக்கியிருக்கிறார்கள்.

அப்போதே எழுப்பியிருக்க வேண்டும்.
அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.
மூன்று மாதமாக இரவு ஷிஃப்டில்
கொதிகலன் பக்கம் நின்ற முகம்.
இன்னும் ஒரு சாண், என்று விட்டேன்.
அந்த ஒரு சாணுக்குக் காரணம் கேட்டால்
இன்றைக்கும் எனக்குச் சொல்ல வராது.

இடது செருப்பை
ஆறு மெதுவாகத் தூக்கியது,
ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி
எடுத்துக்கொண்டு போனது.
அப்புறம்தான் அவள் தோளைத் தொட்டேன்.

திரும்பும்போது இடுப்பளவு.
பாறைகளைக் காலால்தான் பார்க்க முடிந்தது.
என் கையைக் கொடுத்தேன்.
அவள் பிடித்தது என் ஜடையை.
கண்ணில் நீர் வரும்படி வலித்தது,
விடு என்று சொல்லவில்லை.

ஏறியது பற்றி எழுத ஒன்றும் இல்லை.
நான்கு கால், ஒற்றைச் செருப்பு, நிறைய கெட்ட வார்த்தை.
துரிஞ்சி மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தோம்.
கீழே ஆறு மட்டும் இருந்தது,
எப்போதும் அப்படியே இருந்தது போல.
இரண்டு போனும் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன.

பஸ்ஸில் கண்டக்டர் அவள் காலைப் பார்த்தார்,
எங்கள் ஈரப் புடவையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் இரண்டு டிக்கெட் கிழித்தார்.
பாப்பாரப்பட்டி தாண்டி
நாகவேணி டப்பாவைத் திறந்தாள்.

“நல்லாத் தூங்கினேன்” என்றாள்,
வாயில் சோற்றோடு.
அவள் பல்லுக்குள் மணல் நறநறத்தது
எனக்குக் கேட்டது.